பளமும் பழமும்: ஒலி, எழுத்து, வாசிப்பு



கல்வி நமக்கு மறுக்கப்பட்ட வரலாற்றைப் பேசும்போது பள்ளிக்கூட வாசலைப் பற்றியே நாம் அதிகம் பேசியிருக்கிறோம். யார் உள்ளே விடப்பட்டார், யார் வெளியே நிறுத்தப்பட்டார் என்ற கணக்கு அவசியமானது. ஆனால் உள்ளே போன பிள்ளைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இன்னொரு தடை இருந்தது, இன்றும் இருக்கிறது. அது நாவுக்கும் எழுத்துக்கும் இடையில் உள்ள தடை. இந்த நினைவுப் பேருரையில் அதன் வரலாற்றைப் பார்க்கிறோம்.

முதலில், வாசிப்பு எப்படி நடக்கிறது? பலமுறை பார்த்துப் பழகிய சொல்லைக் கண்டதும் பிடித்துக்கொள்கிறோம். 'அம்மா' என்பதை வாசிக்கத் தெரிந்த யாரும் எழுத்துக்கூட்டுவதில்லை. பழகாத சொல்லானால் எழுத்தை ஒலியாக்கி, ஒலிகளைச் சேர்த்து, அந்த ஒலிக்குப் பொருந்தும் சொல் நம் பேச்சில் இருக்கிறதா என்று மனம் தேடுகிறது. இருந்தால் புரிகிறது. இல்லையென்றால் வெறும் ஒலி வாயில் நிற்கிறது, பொருள் வருவதில்லை. ஆக, வாசிப்பின் பாதி வேலை காதிலும் நாவிலும் நடக்கிறது. யாருடைய காதுக்கும் நாவுக்கும் ஏற்றபடி எழுத்து அமைந்தது என்று கேட்கும் இடத்தில்தான் சாதி குறுக்கே வருகிறது.

ஓலைச்சுவடிக் காலத்தை எடுத்துக்கொள்வோம். மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். 'எரி' என்றாலும் 'ஏரி' என்றாலும் ஓலையில் ஒரே வடிவம். 'கல்' என்பதும் 'கல' என்பதும் ஒன்றுபோலவே தெரியும். கால் குறியும் ரகரமும் ஒரே உருவம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. நெருப்பா, நீர்நிலையா என்பதை எழுத்து சொல்லாது. பாடலை முன்பே காதால் கேட்டவர்தான் சொல்ல முடியும். ஓலை கையில் இருந்தாலும் ஆசிரியர் வாயிலிருந்து பாடம் கேட்காதவருக்கு அது முழுதாகத் திறக்காது. திண்ணைப் பள்ளியில் சேரிப் பிள்ளைக்கு இடமில்லை என்றால் பறிபோனது எழுத்து மட்டுமா? அந்த எழுத்தை ஒலியாக்கும் செவிவழிப் பயிற்சியும் சேர்ந்தே பறிபோனது.

இந்தப் பூட்டு எல்லாரையும் தடுத்துவிடவில்லை. நம்மிடையே சித்த மருத்துவச் சுவடிகளும் சோதிடச் சுவடிகளும் வைத்து ஓதிய குடும்பங்கள் இருந்தன. தம் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் சுவடியை எல்லிஸ் துரையிடம் கொடுத்ததை அயோத்திதாசப் பண்டிதரே எழுதியிருக்கிறார். அந்தக் குறளின் பெயரையே அவர் வேறாக வாசித்தார். 'திருக்குறள்' என்று வழங்குவதைத் 'திரிக்குறள்' என்றார், திரிபிடகத்தோடு சேர்த்துப் பொருள் சொன்னார். உகரம் இகரமாக மாறினால் நூலின் சமயமும் வரலாறும் மாறுகின்றன. அந்த முடிவை ஏற்பதும் மறுப்பதும் ஆய்வாளர் வேலை. நாம் கவனிக்க வேண்டியது வேறு: ஒரு சொல்லை எப்படி ஒலிப்பது, எப்படி எழுதுவது என்று தீர்மானிக்கும் உரிமை தமக்கும் உண்டு என்று பண்டிதர் உரிமை கொண்டாடினார்.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறிலுக்கும் நெடிலுக்கும் தனி வடிவம் வகுத்தார். பின் அச்சு பரவியபோது புள்ளி நிலைத்தது, சொற்களுக்கிடையே இடைவெளி வந்தது. முன்பு ஆசிரியரின் காது செய்த வேலையை இப்போது தாளே செய்தது. ஒருபோதும் கேட்டிராத நூலையும் ஒருவர் தனியே உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. நம் இதழியல் இந்தக் காலத்தில்தான் எழுந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. ஒரு பைசா என்ற விலையே அது யாரை வாசகராக எண்ணியது என்பதைச் சொல்லும்.

அச்சு ஒரு தடையை நீக்கியது. அடுத்தது வகுப்பறையில் நின்றது. தமிழில் எழுத்திலிருந்து ஒலிக்குப் போவது எளிது. ஒரே ககரம் 'கல்'லில் வன்மையாகவும், 'பகல்' என்பதில் மென்மையாகவும், 'பங்கு' என்பதில் வேறாகவும் ஒலித்தாலும், இடத்தைப் பார்த்தாலே ஒலி தெரிந்துவிடும். கால்டுவெல் 1856இல் இதை விதியாகவே எழுதினார். தமிழ் பேசும் பிள்ளைக்கு அந்த விதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நாவே அறியும். ஒலியிலிருந்து எழுத்துக்குத் திரும்புவதுதான் கடினம். இன்றைய பேச்சில் நகரமும் னகரமும் ஒரே ஒலி. பல வட்டாரங்களில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. காது சொல்லாததைக் கண்தான் நினைவில் வைக்க வேண்டும். அந்த நினைவு அச்சை அடிக்கடி பார்ப்பதால் வருவது. நாளிதழும் வார இதழும் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியாமலே சேர்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் சில மணி நேரம்தான்.

இந்த வேறுபாட்டை மறைத்துத்தான் பிள்ளைகளை அவமானப்படுத்துகிறார்கள். 'வாழைப்பழம்' என்று அச்சிட்டிருப்பதைப் பிள்ளை 'வாளப்பளம்' என்று வாசிக்கிறது. வகுப்பு சிரிக்கிறது, ஆசிரியர் திருத்துகிறார். ஆனால் அந்தப் பிள்ளை சரியாகத்தான் வாசித்திருக்கிறது! எழுத்தைப் பார்த்தது, சொல்லை அடையாளம் கண்டது, தன் ஊர் நாவால் சொன்னது. ழகரம் தென் மாவட்டங்கள் பலவற்றில் ளகரமாகவும், சென்னையிலும் வட மாவட்டப் பகுதிகளிலும் யகரமாகவும் ஒலிப்பது எல்லாச் சாதியார் வாயிலும் கேட்பதுதான். மேல்தெருவில் அது வட்டார வழக்கு, சேரியில் மட்டும் அது 'நாக்கு திருந்தாத' குறையா? வாசிப்புப் பிழை வேறு, எழுத்துப்பிழை வேறு, உச்சரிப்பு வேறு. மூன்றையும் ஒன்றாக்கி ஒரே பிரம்பால் அடித்தது பாடம் அல்ல, சாதி.

சொல் அளவிலும் இதே சிக்கல் உண்டு. பாடநூலில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று இருக்கிறது. பிள்ளை எழுத்துக்கூட்டி ஒலித்த பிறகு மனத்தில் தேடுகிறது. அங்கே இருப்பது 'வந்துக்கிட்டிருக்காங்க'. இரண்டும் ஒன்றே என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம் எல்லாருக்கும் பொதுதான். அதைக் கடக்க வீட்டிலேயே துணை இருக்கிறவர் யார், இல்லாதவர் யார் என்பது பொதுவானதல்ல.

எழுத்தை மாற்றிச் சுமையைக் குறைக்கலாம் என்று காட்டியவர் பெரியார். ணா, றா, னா போன்றவற்றுக்கும் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் இருந்த தனி வடிவங்களை நீக்கி, 1935இல் 'குடி அரசு' ஏட்டில் ஒரே சீரான வடிவங்களில் அச்சிட்டார். 1978இல்தான் தமிழ்நாடு அரசு அதை ஆணையாக்கியது. கற்பவர் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியிருந்த 13 விதிவிலக்குகள் குறைவதற்கு 43 ஆண்டுகள் ஆயின.

எழுத்தை மாற்றாமல் கற்பிக்கும் சொல்லை மாற்றியவர்களும் உண்டு. பிரேசிலில் எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு வாக்குரிமை இல்லாத காலம். 1963இல் பாவ்லோ ஃப்ரெய்ரே, அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரப் பாடத்தில் எழுதப்படிக்கக் கற்பிக்கும் முயற்சியை நடத்தினார். உழைப்பவர் வாயில் புழங்கும் சொல்லை எடுப்பது, அசையாகப் பிரிப்பது, அந்த அசையின் வரிசையைக் காட்டுவது, அவற்றால் புதிய சொல் கட்டச் சொல்வது என்பது அவர் முறை. செங்கல்லைக் குறிக்கும் 'திஜோலு' அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. நம் உயிர்மெய் வரிசைக்கு மிக நெருங்கிய முறை இது. அடுத்த ஆண்டே இராணுவ ஆட்சி வந்தது, ஃப்ரெய்ரே சிறைக்கும் பின் நாடு கடந்தும் போனார். 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கமும் இவ்வழியில் நடந்தது. 'பட்டா' போன்ற சொற்களிலிருந்து அங்கே எழுத்து கற்பிக்கப்பட்டது. நிலமில்லாத கூலிப் பெண்ணுக்கு அந்தச் சொல்லின் ஒலியும் பொருளும் வலியும் முன்பே தெரியும். புதிதாகக் கற்க வேண்டியது எழுத்து வடிவம் மட்டும்.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது நிலைமை தலைகீழானது. நம் தெருப் பேச்சு அச்சில் ஏறியது. எழுத்துத் தமிழில் ஊறிய வாசகர்கள் பலர் மெல்ல எழுத்துக்கூட்டி, காதால் கேட்டுப் பார்த்துத்தான் நகர முடிந்தது. அந்தப் பேச்சில் வளர்ந்தவர்களோ பார்த்ததும் சொல்லைப் பிடித்தார்கள். வாசிப்பில் தடுமாறுவது அறிவுக் குறை அல்ல, பக்கத்தில் யாருடைய ஒலி இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

எழுத்துநடையைக் கைவிடச் சொல்ல வரவில்லை. அரசாணையும் வழக்காடு மன்றத் தீர்ப்பும் அம்பேத்கரின் மொழிபெயர்ப்பும் அந்த நடையில்தான் இருக்கின்றன. அது நமக்கு முழுதாக வேண்டும். மாலை வகுப்புகள் நடத்தும் தோழர்கள் மூன்றைக் கடைப்பிடிக்கக் கேட்கிறோம். பிள்ளை தன் நாவில் வாசிப்பதை வாசிப்பாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழையைத் தனியே, கண் பழக்கமாக, நிறைய அச்சைக் காட்டித் திருத்துங்கள். புத்தகச் சொல்லுக்குப் பக்கத்தில் வீட்டுச் சொல்லையும் எழுதிப் போடுங்கள். 'பளம்' என்று சொல்லிக்கொண்டே 'பழம்' என்று பிழையில்லாமல் எழுதும் பிள்ளை எதையும் இழக்கவில்லை. அதற்கு இரண்டும் கைவந்திருக்கின்றன.

ஜெய்பீம்.