லென்ஸின் முதுகில் ஒரு புள்ளி

1948, செப்டம்பர் 21. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து மேயோ கிளினிக். மூட்டுவாதத்தால் முடங்கிப்போய்க் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு, டாக்டர் பிலிப் ஹென்ச்சின் குழு ஒரு ஊசி போட்டது. மருந்துக்கு ஒழுங்கான பெயர்கூடக் கிடையாது. 'காம்பவுண்ட் ஈ', அவ்வளவுதான்! ஒரே வாரம்... அந்தப் பெண் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார்! அதுதான் கார்டிஸோன். 1950-ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு.

குழந்தைகள் வார்டில் அப்போது என்ன நிலைமை தெரியுமா? நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்கிற சிறுநீரக நோய். புரதமெல்லாம் சிறுநீரில் வெளியேற, முகமும் வயிறும் ஊதிப்போகும். கூடவே கிருமி தாக்கினால் உயிருக்கே ஆபத்து. தட்டம்மை வந்த சில குழந்தைகளுக்கு வீக்கம் வடிவதைக் கவனித்த டாக்டர்கள், 1940-களில் வேண்டுமென்றே தட்டம்மையை வரவழைத்துப் பார்த்தார்கள் என்றால், எவ்வளவு தவித்திருப்பார்கள்! அங்கே ஸ்டீராய்டு சாமி மாதிரி வந்து இறங்கியது. வீக்கம் வடிந்தது. ஆனால், இந்த நோய் திரும்பத் திரும்ப வரும். மாத்திரையும் திரும்பத் திரும்ப!

கணக்கு 1960-ல்தான் வெளியே வந்தது. அமெரிக்க டாக்டர்கள் பிளாக், புனிம் உள்ளிட்ட நால்வர், ஸ்டீராய்டு சாப்பிட்ட மூட்டுவாத நோயாளிகள் 44 பேரின் கண்களைப் பார்த்தார்கள். 17 பேருக்குக் கண்புரை! அதுவும் முதுமையில் வருகிற வழக்கமான புரை இல்லை. லென்ஸின் பின்பக்கம், நட்டநடுவில் ஒரு மங்கல். ஏன் 12 வருடம் பிடித்தது? ஆரம்பத்தில் அது 'ஸ்லிட் லாம்ப்' கருவியில்தான் தெரியும். சிறுநீரக நோய்க் குழந்தைகளின் கண்களிலும் அதே மங்கல் இருப்பது பிறகு தெரிந்தது. சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தமும் ஏறியது. வலியே இல்லாமல்!

பெரியவர்களாவது 'மங்கலாத் தெரியுது' என்பார்கள். குழந்தை சொல்லாது. உலகமே இப்படித்தான் இருக்கும்னு நினைத்துக்கொள்ளும். வெயிலில் கண்மணி சுருங்கும்போது அந்த நடுப்புள்ளிதான் வழியை மறைக்கும். பிள்ளை வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினால், 'சேட்டை' என்று அதட்டாதீர்கள்.

பயந்துபோய் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், ப்ளீஸ்! மாதக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது, படிப்படியாகக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாற்றுவது எல்லாம் டாக்டரின் வேலை. உங்கள் வேலை, குழந்தையைக் குறிப்பிட்ட இடைவெளியில் கண் டாக்டரிடம் காட்டுவது. போகும்போது சிறுநீரக டாக்டரின் சீட்டையும் எடுத்துப் போங்கள். பிள்ளை என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்பது, நீங்கள் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?