துணி வராத துணிச்சந்தை

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள ஹாலிஃபாக்ஸ் நகரில் 1779 ஜனவரி 1 அன்று 'பீஸ் ஹால்' என்ற துணிச்சந்தை திறக்கப்பட்டது. நடுவில் பெரிய முற்றம், அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக 315 அறைகள். ஒவ்வோர் அறைக்கும் உள்பக்கம் பார்த்து ஒரு கதவும் ஒரு ஜன்னலும் உண்டு. சுற்றியுள்ள மலைக்கிராமங்களில் வீட்டுத்தறியில் நெய்த, ஏறக்குறைய 30 கஜம் நீளமுள்ள கம்பளித் துணிகள் சனிக்கிழமைதோறும் இங்கே வந்து சேரும். வியாபாரம் காலை 10 மணிக்குத் தொடங்கி 12 மணிக்கு முடிந்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வணிகர் துணியை விரித்துப் பார்த்து, விரலால் தடவி நெசவின் நெருக்கத்தைச் சோதித்து, கொண்டுவந்தவரிடம் நேரிலேயே விலை பேசி முடிக்க வேண்டும்.

நூறாண்டு ஆவதற்குள் இந்த முறை நின்றுபோனது. 1871-ல் கட்டடம் காய்கறி, பழ மொத்தச் சந்தையாக மாறியது. நீராவி எந்திரம் வந்தது, சந்தை படுத்தது என்று இதற்கு வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. எந்திரத்தால் துணி பெருகினால் விற்கும் இடமும் பெருகத்தானே வேண்டும்? மான்செஸ்டரில் அப்படித்தான் பெருகியது. அங்கிருந்த ராயல் எக்ஸ்சேஞ்ச் திரும்பத் திரும்ப விரிவாக்கப்பட்டு, 1921-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு நின்றது. 1968 வரை வியாபாரமும் நடந்தது. ஆனால் அந்தக் கூடத்துக்குத் துணி மூட்டை வரவில்லை. மில் ஏஜென்டும் ஏற்றுமதியாளரும் நின்றபடியே நூலின் ரகத்தைச் சொல்லி விலை பேசினார்கள். இந்தியாவுக்குக் கப்பலேறிய வேட்டித் துணிக்கும் அப்படித்தான் ஆர்டர் போனது. ஆகவே சந்தைக்கூடம் என்ற ஏற்பாடு அழியவில்லை. சரக்கைக் கண்ணால் பார்த்து வாங்கும் கூடம்தான் அழிந்தது.

மான்செஸ்டர் பருத்தி ஊர், ஹாலிஃபாக்ஸ் கம்பளி ஊர், இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஹாலிஃபாக்ஸுக்கு அருகிலேயே, அதே கம்பளித் தொழிலுக்காக, பிராட்ஃபர்டில் 1867-ல் புதிய எக்ஸ்சேஞ்ச் திறந்தார்களே! இன்னொரு மறுப்பு வலுவானது: எந்திரம் ஒரே சீராக நெய்வதால்தான் சாம்பிளை நம்பி வாங்க முடிந்தது, எனவே மூலகாரணம் எந்திரமே என்பது. இதில் பாதி உண்மை. ஆனால் ஹாலிஃபாக்ஸை அடுத்த சோய்லண்டில் சாமுவேல் ஹில் என்பவர், பீஸ் ஹால் திறக்கும் முன்பே, 1730-களிலேயே பலரிடம் நூல் கொடுத்து நெய்து வாங்கி, கடிதம் வழியாக ஹாலந்து வணிகர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். அப்போது நீராவித் தறி கிடையாது. அவரைத் தாங்கியவை முதலும் வெளிநாட்டுத் தொடர்பும்தான். மில் முதலாளிகள் ஹில்லின் வழியைப் பெரிதாக்கினார்கள். சொந்தக் கிட்டங்கியிலிருந்து நேராக விற்றவர்களுக்குச் சனிக்கிழமைச் சந்தை எதற்கு? அது தேவைப்பட்டதெல்லாம் ஹாலந்துக்குக் கடிதம் எழுத வழியில்லாத சிறு உற்பத்தியாளருக்கு. அவர்களில் பலர் மில்லுக்குக் கூலிக்குப் போனார்கள். அதன்பின் விற்பதற்கு அவர்கள் கையில் துணி இல்லை.