டென்மார்க் வரைபடத்தில் எங்கள் அப்பாக்கள்

தம்பி தங்கைகளே, சின்ன வயதில் ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன்: "ஏனப்பா எங்கட ஆக்கள் இவ்வளவு பேர் ஹேர்னிங்கில இருக்கினம்?" அவர் சிரித்துக்கொண்டு, "வேலை இருந்தது, வந்தனாங்கள்" என்றார். அத்தோடு கதை முடிந்தது.

அதே கேள்விக்கு ஆய்வாளர்களும் விடை தேடியிருக்கிறார்கள் என்பது, பொறியியலில் முதுகலை படிக்கும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அந்த ஆய்வுகளில் எங்கள் பெற்றோரின் தலைமுறையும் இருக்கிறது. பெயர்களாக அல்ல, தரவுகளாக.

டென்மார்க்கில் 1968 ஏப்ரல் 2 முதல் எல்லோருக்கும் சிபிஆர் இலக்கம் உண்டு. அந்த இலக்கத்தோடு முகவரியும் பதிவாகிறது. வீடு மாறினால் ஐந்து நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அதனால் 1981 முதல் இங்கே கதவைத் தட்டிக் கணக்கெடுப்பு நடத்தத் தேவையில்லை. பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தாலே போதும்.

இனி, நாடு முழுவதையும் 100 மீட்டருக்கு 100 மீட்டர் என்று சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முகவரியையும் அதற்குரிய சதுரத்தில் வையுங்கள். யார் யாருக்குப் பக்கத்தில் வாழ்கிறார்கள் என்று தெரியும். ஆனால் ஒரு சதுரத்தில் ஒரேயொரு இலங்கைக் குடும்பம் இருந்தால், அது யார் வீடு என்று ஊரே சொல்லிவிடுமே! அதனால் அன்னா பீல் டாம், மரி லூயிஸ் ஷுல்ட்ஸ்-நீல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களை ஒன்றுசேர்த்தார்கள். பெருந்தெரு, ரயில் பாதை, நீர்நிலை போன்றவற்றை எல்லைகளாக எடுத்தார்கள். 2008இல் வெளிவந்த அவர்களின் கட்டுரையில், குறைந்தது 150 வீடுகள் கொண்ட 9,404 சிறிய அயல்களும், குறைந்தது 600 வீடுகள் கொண்ட 2,296 பெரிய அயல்களும் இருந்தன.

ஒருவர் எங்கே வாழ்கிறார் என்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம். ஏன் அங்கே வாழ்கிறார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1983 கறுப்பு யூலைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் இங்கே வரத் தொடங்கினார்கள். அகதிகள் பெரிய நகரங்களில் மட்டும் சேர்ந்துவிடக்கூடாது என்று 1986இல் ஒரு கொள்கை வந்தது. வதிவிட அனுமதி கிடைத்தவர்களை டெனிஷ் அகதிகள் பேரவை நாடு முழுவதும் பரவலாகக் குடியமர்த்தியது. 1999இல் ஒருங்கிணைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அந்தப் பொறுப்பு கொமூன்களுக்கு மாறியது.

அப்பாவுக்குக் கிடைத்தது வட யூலண்டில் ஒரு சின்ன ஊர். அங்கே வேறு தமிழர் இல்லை. இரண்டு வருடங்களின் பின், ஊர் நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: "இஞ்ச தையல் பக்டரியில ஆள் எடுக்கினம், வா." அப்பா ஒரு சூட்கேசோடு ஹேர்னிங்குக்கு வந்துவிட்டார்.

டாம் இந்தக் குடியமர்வை ஒரு இயற்கைப் பரிசோதனையாகப் பார்த்தார். ஒருவர் தானே விரும்பி ஒரு இடத்துக்குப் போனால், அந்த இடம் அவரை மாற்றியதா, அல்லது அவர் முதலிலேயே அப்படிப்பட்டவரா என்று பிரித்தறிய முடியாது. முதல் இடத்தை வேறொருவர் தீர்மானித்திருந்தால் பிரித்தறியலாம். இலங்கை உட்படப் பல நாடுகளிலிருந்து வந்த அகதிகளின் தரவுகளை அவர் எடுத்தார். 2009இல் வெளிவந்த முடிவு இது: தங்கள் நாட்டவர் கூடுதலாக உள்ள இடத்தில் வாழ்ந்தவர்கள் அதிகம் உழைத்தார்கள். அந்தச் செறிவு ஒரு நியம விலகல் அளவு கூடினால், ஆண்டு வருமானம் சராசரியாக 18% கூடியது. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் அதில் இல்லை. வேலை பற்றிய தகவல் சொந்த ஆட்கள் வழியாகப் பரவுவதே காரணமாக இருக்கலாம் என்றார் டாம்.

அதாவது, அப்பாவின் நண்பருடைய அந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

ஆனால் அதே பதிவேடுகளை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். 2010 முதல் அரசாங்கம் வருடாவருடம் 'கெட்டோ பட்டியல்' வெளியிட்டது. 2018இன் சட்டப்படி, குறைந்தது 1,000 பேர் வாழும் ஒரு சமூக வீட்டுத் தொகுதியில் வேலை, கல்வி, வருமானம், குற்றம் ஆகிய நான்கில் இரண்டு அளவுகோல்கள் மோசமாக இருந்தால் அது 'பின்தங்கிய பகுதி'. அங்கே 'மேற்கத்தேயமல்லாத' நாட்டவரும் அவர்களின் பிள்ளைகளும் பாதிக்கு மேல் இருந்தால் அது 'கெட்டோ'. இலங்கையும் அந்த வகைக்குள்தான் வருகிறது. 2021இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'சமாந்தர சமூகம்' என்று மாற்றினார்கள். பாதிக்கு மேல் என்ற கணக்கு மாறவில்லை.

இரண்டு வேலைக்கும் ஒரே பதிவேடு, ஒரே முகவரிகள். ஒருவர் கேட்டது, "சேர்ந்து வாழ்வதால் என்ன நடக்கிறது?" என்று. மற்றவர் கேட்டது, "எத்தனை பேர் சேர்ந்து வாழ்கிறார்கள்?" என்று. எண்ணிக்கை மட்டும் காரணத்தைச் சொல்லாது. தரவோடு வேலை செய்கிற நான் இதைத் தினமும் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன். டென்மார்க் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில் நான் இங்கே பிறந்த டெனிஷ் குடிமகன் என்றாலும் ஒரு 'எஃப்டர்கொமர்', அதாவது குடியேறியவர்களின் வழித்தோன்றல். என் மகளோ அதே கணக்கில் 'டெனிஷ் பூர்வீகம்'. ஒரே வீட்டில், ஒரே சதுரத்தில், இரண்டு நிறம்.

திணைக்களத்தின் தரவுத்தளத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் கொமூனில் இலங்கைப் பூர்வீகம் கொண்டவர்கள் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள். பிறகு அப்பாவிடமோ அம்மாவிடமோ கேளுங்கள்: "முதலில எங்க இருந்தனீங்கள்? ஏன் இஞ்ச வந்தனீங்கள்?" அந்தப் பதில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் சொல்லும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.