காற்றுக்காகக் காத்திருந்த பயணிகள்

ஃபிக்ஹு நூல்களில் பயணத்தொழுகை பற்றிய பாடத்தைப் பயில்வோர், ஒரு சிறு சட்டத்தைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுவர். ஓரூரில் தங்கியிருப்பவர், தாம் எதிர்பார்க்கும் காரியம் எந்நேரமும் முடியலாம், முடிந்ததும் புறப்பட்டுவிடலாம் என்னும் எண்ணத்துடன் இருந்தால், பதினெட்டு நாட்கள் வரை தொழுகையைச் சுருக்கித் தொழலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) தம் 'மின்ஹாஜ்' நூலில் எழுதுகிறார்கள். மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் அங்கே தங்கிய நாட்களைப் பற்றிய ஓர் அறிவிப்பு இதற்கு ஆதாரமாகும். இச்சட்டத்திற்கு விரிவுரை வரைந்தோர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று நம் கவனத்திற்குரியது: கப்பலில் செல்ல இருப்பவர் காற்றுக்காகக் காத்திருத்தல்.

ஹனஃபீ மத்ஹபில் இச்சலுகை இன்னும் விரிவானது. பதினைந்து நாட்கள் தங்குவதென உறுதி கொள்ளாமல், 'இன்று போவேன், நாளை போவேன்' என்றிருப்பவருக்குக் காலவரம்பே இல்லை. சட்ட மேதைகள் இதை வெறுங்கற்பனையாக எழுதவில்லை. துறைமுகத்தில் கப்பலேற முடியாமல் நாட்களைக் கழிப்பது அன்றைய கடற்பயணத்தின் பிரிக்க இயலாத பகுதியாக இருந்தது.

அந்தலுஸைச் சேர்ந்த இப்னு ஜுபைர் இதற்குச் சிறந்த சாட்சி. 1183-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அவர், செங்கடலின் மேற்குக் கரையிலிருந்த ஐதாப் துறையில் மூன்று வாரங்களுக்கும் மேலாகத் தங்கிய பின்னரே ஜித்தாவுக்குப் படகேறினார். குடிநீர் உட்பட அனைத்தும் வெளியிலிருந்து வரவேண்டிய வறண்ட ஊர் அது. தென்னை நாரினால் தைக்கப்பட்ட படகுகளில் அவற்றின் உரிமையாளர்கள் ஹாஜிகளை ஒருவர்மேல் ஒருவராக அடைத்தனர். படகின் விலையை ஒரே பயணத்தில் ஈட்டிவிட வேண்டும் என்பதே அவர்களின் கணக்கு, அதன்பின் கடல் என்ன செய்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை என்று அவர் மனம் நொந்து எழுதுகிறார்.

திரும்பும் வழியில் அவர் கண்டது வேறு வகைத் தாமதம். சிலுவைப்போர்க்காரர்களின் வசமிருந்த அக்கா துறைமுகத்தில், ஜெனோவா நகரத் தலைவனின் பெருங்கப்பலில் ஏறினார். கிழக்குக் காற்று இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே வீசும். அதை எதிர்பார்த்துக் கப்பல் பன்னிரண்டு நாட்கள் நின்றது. சலிப்புற்ற பயணிகள் இரவுகளில் கரையில் உறங்கலாயினர். 1184 அக்டோபர் 18 அன்று விடியலில் காற்று திரும்பியது, கப்பல் போய்விட்டது. இப்னு ஜுபைரும் தோழர்களும் துடுப்புப் படகொன்றை வாடகைக்கு அமர்த்தித் துரத்திச்சென்று, மாலையில்தான் தம் கப்பலை எட்டிப் பிடித்தனர்.

பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா கள்ளிக்கோட்டையில் மூன்று மாதங்கள் பருவத்தை எதிர்நோக்கித் தங்கினார். டில்லி சுல்தானின் தூதராகச் சீனம் செல்லவிருந்தவர் அவர். சீனக் கப்பலின் நல்ல அறைகளையெல்லாம் வணிகர்கள் முன்னரே எடுத்துக்கொண்டனர். எனவே தம் உடைமைகளைச் சிறிய கப்பலுக்கு மாற்றினார். ஜும்ஆவுக்காக அவர் கரையில் தங்கியிருந்தபோது புயல் எழுந்தது. சுல்தானின் பரிசுகள் இருந்த கப்பல் உடைந்தது. அவருடைய உடைமைகள் இருந்த கப்பல் அவரை விட்டுச் சென்றது. கரையில் நின்றவரிடம் எஞ்சியவை பத்துத் தீனார்களும் ஒரு விரிப்புமே. ஆனால் உயிர் தப்பியது.

நீராவிக் கப்பல்கள் வந்ததும் காற்றின் ஆட்சி முடிந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஹஜ்ஜுக் கப்பல்கள் பெருகின. எனினும் பம்பாயில் ஹாஜிகளின் காத்திருப்பு ஒழியவில்லை. காற்றின் இடத்தில் கப்பல்காரனின் இலாபம் வந்தமர்ந்தது. ஆட்கள் நிறையும்வரை புறப்பாடு தள்ளிப்போகும். தரகர்கள் சொன்ன தேதி ஒன்று, கப்பல் கிளம்பிய தேதி வேறொன்று. இக்குழப்பங்களைச் சீர்செய்ய ஆங்கில அரசு 1886-இல் தாமஸ் குக் நிறுவனத்தை ஹஜ்ஜுப் பயண முகவராக நியமித்தது. சில ஆண்டுகளிலேயே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பிளேக் நோய் பரவியதால் 1897-இல் பம்பாயிலிருந்து ஹாஜிகளின் கப்பல்கள் நிறுத்தப்பட்டன.

இத்தாமதத்தின் சுமை யாவர்மீதும் சமமாக விழவில்லை என்பதே இங்குச் சிந்திக்கத்தக்கது. காற்று நின்றபோது செல்வரும் வறியவரும் ஒன்றாகவே காத்திருந்தனர். கப்பல்காரன் நிறுத்தியபோது செல்வர் வாடகை அறையில் இருந்தார். வறியவரோ பயணத்திற்கென வைத்திருந்த பணத்தைப் பம்பாயிலேயே உண்டு தீர்த்தார். ஹஜ்ஜு கடமையாவதற்கான 'இஸ்திதாஅத்' என்னும் சக்தியைப் பயண உணவும் வாகனமும் என்று விளக்குகிறது ஹதீஸ். ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அச்சக்தியைப் பெற்றிருந்தவர், கப்பலேறும்போது அதை இழந்திருப்பார். ஹாஜி ஸாபூ ஸித்தீக் முஸாஃபிர்கானா போன்ற அறநிலையங்களைப் பம்பாய்ச் செல்வர்கள் எழுப்பியதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. ஓரிரவுக் கூரை என்பது ஒரு வேளைச் சோற்றின் சேமிப்பு. அது ஒருவரின் ஹஜ்ஜைக் காக்கும் உதவி.

பம்பாய் – ஜித்தா கடல்வழி ஹஜ்ஜுப் பயணம் 1995-இல் முடிவுற்றது. ஃபிக்ஹுச் சட்டமோ நூல்களில் அப்படியே நிற்கிறது. கரையில் காத்திருப்பவரை ஊர்வாசியாக அது கொள்ளவில்லை. அவரும் பயணியே, பயணியின் சலுகை அவருக்கும் உண்டு என்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கப்பல் நிறுவனங்கள் பயணச்சீட்டை விற்றதோடு தம் பொறுப்பு முடிந்ததாகக் கருதின. பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஃபுகஹாக்களோ, கால் தரையில் இருந்தபோதும் அவரைப் பயணியாகவே கண்டார்கள்.