துண்டுச் சீட்டின் கணக்கு

அண்மையில் ஓர் இளைஞர் கிரிப்டோ நாணய வணிகத்தளம் ஒன்றின் அமைப்பை எனக்கு விளக்கினார். நூறு டாலரைப் பிணையாக வைத்து ஆயிரம் டாலருக்கு வணிகம் செய்யலாம். விலை எதிர்த்திசையில் போனால் பிணை பறிபோகும். நடுவில் தரகு நிறுவனம் இல்லை. விதிகளைக் கணினி நிரலே நிறைவேற்றும். முற்றிலும் புதிய ஏற்பாடு என்றார் அவர். எனக்கோ கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்கள் நினைவுக்கு வந்தன.

மலையகத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு வழங்கியது. தோட்டத்தை விட்டு விலக விரும்பும் கங்காணிக்குத் துரை அதை எழுதிக் கொடுப்பார்: இவ்வளவு ரூபா கிடைத்தால் இவரையும் இவருடைய ஆட்களையும் விடுவிப்பேன் என்பதே அதன் சாரம். கங்காணி அதை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோவார். புதிய துரை பழைய கடனைத் தீர்த்து, மேலும் முன்பணம் கொடுப்பார். இப்படிக் கைமாறும்தோறும் கடன் ஏறியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யட்டியாந்தோட்டை, தெகியோவிட்டப் பகுதிகளில் இறப்பர் பரவியது. 1910இல் உலகச் சந்தையில் அதன் விலை உச்சத்தைத் தொட்டது. ஆட்களுக்குத் தோட்டங்கள் போட்டியிட, துண்டின் தொகையும் உயர்ந்தது.

கடன்பட்டு வணிகம் செய்யும் எந்த ஏற்பாட்டிலும் மூன்று கேள்விகள் உண்டு. பிணை எது? விலையைச் சொல்பவர் யார்? நட்டம் யாருக்கு? துண்டு முறையில் பிணை, தொழிலாளரின் உழைப்பு. விலையைச் சொன்னது, துரைமாரின் ஆள்தேவை. நட்டம், கணக்கை வாசிக்க அறியாத தொழிலாளியின் தலையில் விழுந்தது. தமிழகத்திலிருந்து வந்த வழிச்செலவும் அரிசியும் அவன் பெயரில் ஏறின. அவன் வேலைக்கு வந்த நாளுக்குக் கங்காணி தலைக்காசு பெற்றார்.

இன்றைய தளங்களில் பிணை, வணிகம் செய்பவரின் சொந்தப் பணம். பேரேட்டை எவரும் பார்க்கலாம். இது மெய்யான முன்னேற்றமே. ஆயினும் விலை சடுதியாகச் சரிந்து பிணை போதாமற் போகையில், பற்றாக்குறையைப் பொதுக் காப்பு நிதி ஏற்கிறது. அதுவும் தீர்ந்தால், சில தளங்களில் இலாபத்தில் இருப்போரின் ஒப்பந்தங்கள் அவர்களைக் கேளாமலே முடிக்கப்படுகின்றன. மூன்றாம் கேள்வி இன்னும் ஓயவில்லை.

துண்டு முறை தானாகத் திருந்தவில்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டமே அதை ஒழித்தது. இளைஞரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: உங்கள் தளத்தில் தவறு நேர்ந்தால் எந்தச் சட்டத்திடம் முறையிடுவீர்கள்? அவர் பதில் சொல்லவில்லை.