சாரணர் படையும் நம் பிள்ளைகளும்

1907 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர் பாசறை ஒன்றை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கு ஒரே அணியில் கலந்து தங்கினர். அதுவே சாரணர் இயக்கத்தின் வித்து. ஆயினும் 1909 இல் அவ்வியக்கம் இந்தியாவுக்கு வந்தபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கே இடமளித்தது. இந்தியப் பிள்ளைகள் வெளியே நிறுத்தப்பட்டனர். மூடிய கதவின்முன் காத்திராமல், 1916 இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று.

சாரணன் பயிலும் முடிச்சுகளும் முதலுதவியும் திசையறிதலும் பயனுடையவையே. அவற்றினும் பெரிது, ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியில் ஒரே பானையில் சமைத்து, ஒரே குடத்து நீரைப் பருகி வாழும் பழக்கம். சாரணர் யாவரும் உடன்பிறப்புகள் என்பது சாரணர் விதி. பொதுக் கிணற்றைத் தொடவும் தடுக்கப்பட்ட மக்களின் வழிவந்த நாம், இவ்விதி ஏட்டளவில் நின்றுவிட விடலாகாது. பாசறையில் நம் பிள்ளை சமைத்த உணவை அனைவரும் உண்கின்றனரா? அணித்தலைமை நம் பிள்ளைக்கும் வருகின்றதா? இவற்றை நாம் கேட்டறிய வேண்டும்.

இளைஞர்களே! பள்ளியில் சாரணர் படை இருப்பின் சேருங்கள். தலைநிமிர்ந்து, சமமானவர்களாகச் சேருங்கள்.