கண்டம் செய்த வண்டியும் வார்ப்புப் புல்லியும்

போன மாதம் ராஜபாளையத்தில் முடங்கியார் சாலைப் பக்கம் உறவினர் தோப்புக்குப் போயிருந்தேன். தென்னைக்கும் மாமரத்துக்கும் நடுவே ஒரு பழைய பவர் டில்லர் நின்றது. இரண்டு சக்கரம், நீளமான இரண்டு கைப்பிடி, முன்னால் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். வெளிநாட்டில் தோட்டத்து டிராக்டர் என்கிறார்கள். நம் பக்கம் டில்லர் என்றால்தான் யாருக்கும் புரியும். அதைப் பார்த்ததும், ஏறக்குறைய 40 வருடத்துக்கு முன் நான் எழுதிய ஓர் அலுவலகக் குறிப்பு ஞாபகம் வந்து, அன்றைய மத்தியானத் தூக்கம் போய்விட்டது. அந்தக் குறிப்புக்கு வருவதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன். வழக்கம்போலப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். வார்ப்பிரும்பை அங்கே 'ஃபோந்த்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். உருக்குதல் என்ற வினையிலிருந்து வந்த சொல். நம் தமிழ் உருக்குவதை விட்டுவிட்டு ஊற்றுவதைப் பிடித்துக்கொண்டது. தோசை வார்க்கிறோம், இரும்பையும் வார்க்கிறோம். இரண்டிலும் கை நடுங்கினால் பண்டம் கெட்டுப்போகும் என்பது என் வீட்டம்மாளின் கருத்து.

நவீன முறையில் இரும்பு உருக்கிய பழைய ஆலைகளில் ஒன்று புதுச்சேரிக்குத் தெற்கே, பரங்கிப்பேட்டையில் இருந்தது. கும்பினி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830-ல் தொடங்கினார். சேலத்துக் கனிமம், காட்டு மரத்தின் கரி. கரி போதாமல் தள்ளாடித் தள்ளாடி அந்த நூற்றாண்டிலேயே அணைந்துபோனது. நம் ஜனங்களின் கையில் வார்ப்புத் தொழில் வேர் பிடித்தது அதற்கு ரொம்பப் பின்னால், கோயம்புத்தூரில்.

அந்த ஊரில் 1926-ல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் வந்தது. தண்டாயுதபாணி பவுண்டரி போன்ற பட்டறைகளும் அந்தக் காலத்தவைதான். 1932-ல் பைக்காரா மின்சாரம் பிறந்ததும் கிணற்றுக்குக் கிணறு கமலையை அவிழ்த்துவிட்டுப் பம்பு வைக்கும் ஆசை பரவியது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் நம் நாட்டிலேயே செய்த மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் அவ்வளவாக இல்லாதது, சீமை எஞ்சினின் உடைந்த பாகத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, 'இதே மாதிரி ஒண்ணு ஊத்திக் குடுங்க' என்று நின்ற சம்சாரிகளின் கதை.

வேறு வழியும் அவர்களுக்கு இல்லை. இரண்டாம் உலகப் போரில் கப்பலே சரியாக வராதபோது உதிரிபாகம் எங்கிருந்து வரும்? ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் நூற்பாலை தொடங்கிய சில வருடத்திலேயே போர் வந்துவிட்டது. இயந்திரத்துக்கெல்லாம் சீமையை நம்பியிருந்த தென்னாட்டு ஆலைகள் அத்தனைக்கும் அது சோதனைக் காலம். போர் முடிந்தும் தொல்லை முடியவில்லை. 1951-ல் இந்தியா முழுவதுமே சுமார் 8,600 டிராக்டர்கள்தான், அவ்வளவும் இறக்குமதி. 1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்ததும் இறக்குமதி லைசென்ஸ் குதிரைக் கொம்பாகிவிட்டது. டிராக்டர் இங்கே தயாராகத் தொடங்கியதே 1960-களின் ஆரம்பத்தில்தான். அதற்குமுன் வந்த வண்டிகளின் பாகத்துக்குப் பட்டறைதான் கதி.

இனி என் கதை. அது 1982 வாக்கில். ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அதன் கொட்டகையில் ஒரு பவர் டில்லர் ஒன்றரை வருடமாக நின்றது. எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாகச் சக்தியைக் கொண்டுபோகும் புல்லியின் ஒரு பக்க விளிம்பு உடைந்திருந்தது. வேறு கோளாறு கிடையாது. அசல் பாகம் கேட்டுக் கடிதம் எழுதினோம், நினைவூட்டல் எழுதினோம், 'கையிருப்பில் இல்லை' என்று பதில் வந்தது. ராஜபாளையத்தில் வார்த்துத் தருவார்கள் என்று டிரைவர் சொன்னார். வார்த்த பாகத்துக்கு விலைப்பட்டியல் ஏது? மூன்று விலைப்புள்ளி ஏது? தணிக்கையில் யார் பதில் சொல்வது? 'உதிரிபாகம் கிடைக்கப்பெறாமையால் வண்டியைக் கண்டம் செய்யலாம்' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். கையெழுத்து நிறுத்தி நிதானமாகவே இருந்திருக்கும். அந்த வயதில் என் குறிப்புகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வண்டி இரும்பு விலைக்கு ஏலம் போனது. எடுத்தவர் தோப்புக்காரர், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். பணம் கட்டிவிட்டுப் போகும்போது என் மேஜைக்கு வந்தார்.

"சார், ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவுதானே? ராஜபாளையம் வாங்க. உங்க கோப்புல கிடைக்காத சாமானைக் காட்டுறேன்."

குத்தலா அழைப்பா என்று புரியவில்லை. ஆனாலும் போனேன்.

தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை. மூலையில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கியூபோலா உலை. பட்டறைக்காரர் உடைந்த புல்லியையே உருவாக வைத்துக்கொண்டார். உடைந்த விளிம்பை மரத்துண்டு வைத்து ஒட்டி, சுற்றிலும் பெல்ட் ஓடும் பள்ளங்களையும் மெழுகால் அடைத்தார். பள்ளம் திறந்திருந்தால் மண் அதற்குள் பிடித்துக்கொள்ளும், உருவைத் தூக்கும்போது அச்சு உடைந்துபோகும். அப்புறம் அட்டையை வெட்டி விளிம்பைச் சுற்றி ஒட்ட ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டேன்.

"இரும்பு ஆறும்போது சுருங்கும் சார். அடிக்கு அரைக்கால் அங்குலம். லேத்துல கடையவும் கொஞ்சம் சதை வேணும். பழசை அப்படியே பதிச்சா புதுசு சின்னதாத்தான் வரும்."

அப்படி வந்ததை வைத்து இன்னொன்று வார்த்தால் அது இன்னும் சின்னது. அலுவலகத்தில் நகலுக்கு நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்துவோமே, நாலாவது நகலில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும். அதேதான். கோவைப் பட்டறைகள் வெளிநாட்டு எஞ்சினைப் பார்த்துக் காப்பியடித்தன என்று இளப்பமாகப் பேசுகிறவர்களை அன்றிலிருந்து நான் மதிப்பதில்லை. பார்த்து எழுதுகிற காரியமா இது? எவ்வளவு கூட்ட வேண்டும், எங்கே கூட்ட வேண்டும் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மண்ணில் களியும் நிலக்கரித் தூளும் கலந்து ஈரம் சேர்த்திருந்தார்கள். ஒரு பிடி எடுத்து அமுக்கினார், விரல் ரேகை பதிந்தது, ஒடித்தால் விளிம்பு உதிராமல் ஒடிந்தது. அவ்வளவுதான் பரிசோதனை. ஈரம் கூடினால் உருகிய இரும்பு பட்டதும் ஆவியாகி வெடிக்கும் என்று என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். அவரோ செருப்புகூட இல்லாமல் பக்கத்திலேயே நின்றார். கணுக்காலில் பழைய தழும்புகள். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

உலைக்குள் போனவை உடைந்த தையல் மெஷின் கால்களும் பழைய மோட்டார் கூடுகளும், இடையிடையே கோக் கரியும். கரண்டியில் பிடித்த இரும்பு இளநீர் போலச் சலசலத்து ஓடி அச்சுக்குள் இறங்கியது. அவசரக்காரரான அண்ணாச்சி சீக்கிரமே மண்ணை உடைக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் லேத்தில் மாட்டினால் விளிம்பு உளியைத் தின்றது. வேகமாகக் குளிர்ந்த வார்ப்பிரும்பு உள்ளே வெள்ளையாக, கண்ணாடி போலக் கடினமாகிவிடும். இரண்டாவதை விளிம்பில் இன்னும் கொஞ்சம் தடிமன் விட்டு வார்த்து, ராத்திரி முழுவதும் மண்ணுக்குள்ளேயே ஆறவிட்டார்கள். அது வெண்ணெய் போலக் கடைந்தது என்று அண்ணாச்சி பின்னால் வந்து சொன்னார்.

எங்கள் பள்ளியில் ரேயோமூர் என்ற பெயரை வெப்பமானிக்காக மனப்பாடம் செய்தோம். அதே மனிதர் 1722-லேயே வார்ப்பிரும்பின் இந்தக் கடினத்தைப் போக்கி மென்மையாக்குவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார் என்பதைப் பென்ஷன் வாங்கிய பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டறைக்காரர் ரேயோமூரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ராஜபாளையத்தில் 1963-லேயே பாலிடெக்னிக் வந்துவிட்டது, ஆனால் இவர் அந்த வாசலை மிதித்தவர் இல்லை. கோவையில் பத்து வருடம் மண் அடித்துவிட்டு ஊர் திரும்பியவர்.

இரண்டு வார்ப்புக்கும் லேத்துக் கூலிக்கும் சேர்த்து அண்ணாச்சி கொடுத்தது 100 ரூபாய்க்கும் குறைவு. நான் எழுதிய நினைவூட்டல்களின் தபால் செலவையும் டைப் அடித்த காகிதத்தையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அவர் தோப்பில் அந்த டில்லர் பதினாறு வருடம் உழுதது. நடுவில் ஒருமுறை கைப்பிடித் தாங்கி விட்டுப்போனபோது அதையும் அங்கேயே வார்த்துக்கொண்டார்.

போன மாதம் தோப்பில் நின்ற வண்டி அது அல்ல. புதிய கம்பெனி, புதிய நிறம். இருந்தாலும் குனிந்து புல்லியைப் பார்த்தேன். தோப்புக்காரப் பையன், "என்ன தாத்தா தேடுறீங்க?" என்றான். விளிம்பில் அரம் போட்ட தடம் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. கம்பெனி பாகம், ஆன்லைனில் மூன்று நாளில் வந்தது என்றான்.